பேட்டரிக்கு வைத்த சந்தனம்

“பேட்டரி வயரைக் கழற்றி, அதுக்கு அடியிலயும் சந்தனம் பூசித்தான் மாட்டினேன்” என்று கோயில் தர்மகர்த்தா சிங்காரம் டீக்கடையில் பெருமையடித்தது, பக்கத்து ஒர்க்‌ஷாப் மெக்கானிக் மரகதத்தின் காதில் விழுந்தது. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது.

சற்று நேரத்தில் அவரே பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். சுவிட்சை அழுத்தினால் இன்ஜின் முக்கி முனகி மெதுவாகச் சுற்றியதே தவிர, ஸ்டார்ட் ஆகவில்லை.

“நான் வச்ச சந்தனத்துல உன் கை படக் கூடாது. வண்டி கிளம்பலைன்னா கோயில் இடத்துல இருக்கிற இந்தக் கடையைக் காலி பண்ணிடு.”

“சரிங்கய்யா. கோயில்ல நேத்து வச்ச சந்தனத்தோடயே சாமியை விட்டுடுவீங்களா?”

“அதெப்படி? அபிஷேகம் பண்ணிட்டுத்தானே புது அலங்காரம்?”

“அப்போ நீங்களே பண்ணிடுங்க” என்று மரகதம் ஸ்பேனரையும் வெந்நீர்ச் செம்பையும் நீட்டினாள்.

தர்மகர்த்தா வயரைக் கழற்றினார். காய்ந்த சந்தனம் கட்டியாக உதிர்ந்தது. கழுவித் துடைத்து இறுக்கிச் சுவிட்சை அழுத்தியதும் இன்ஜின் சீறிக் கிளம்பியது.

மரகதம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். அவர் பெட்ரோல் டேங்கில் மட்டும் பொட்டு வைத்தார்.