கிழக்குத் தூண் தாங்கிய பாரம்

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டை விசயதேவன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் அதையே மறுப்பார். இரண்டுக்கும் ஆமாம் போட அரண்மனை அதிகாரி கஸ்தூரி ரங்கப்பர் இருந்தார். ஆமாம் போட வராத ஒருவரும் அந்தச் சபையில் இருந்தார். அவர்தான் மந்திரி உலகுடையார். வயதானவர், ஒடிசலான உடம்பு. ராஜா அவரிடம் யோசனை கேட்கும்போதெல்லாம் ரங்கப்பருக்கு வயிறு எரியும்.

கோட்டை வாசலில் பெரிய வெண்கல மணி தொங்க வேண்டும் என்று ராஜாவுக்கு ஆசை வந்தது. கல்தச்சன் செங்கோடன் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என ஒரே மாதிரி இரண்டு தூண் நிறுத்தி, மேலே பன்னிரண்டு முழ உத்திரம் ஏற்றினான். மணி நடுவில் தொங்குவதாக ஏற்பாடு. ராஜா உப்பரிகையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நடுவில் தொங்கினால் இங்கிருந்து பாதி மணிதானே தெரியும்?"

"கிழக்கே தள்ளிக் கட்டினால் முழுசாகத் தெரியும் மகாராஜா" என்றார் ரங்கப்பர்.

செங்கோடன் வேண்டாம் என்று கும்பிட்டான். உலகுடையாரும் சொல்லிப் பார்த்தார். "மணியைப் பார்க்கவா, உம்முடைய வாடின முகத்தைப் பார்க்கவா நான் உப்பரிகை ஏறினேன்?" என்று ராஜா சிரித்தார். எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். கிழக்குத் தூணிலிருந்து இரண்டே முழத்தில் மணியைக் கட்டினார்கள்.

மாதம் திரும்புவதற்குள் கிழக்குத் தூண் நொறுங்கி உத்திரம் சரிந்தது. கீழே நின்ற காவலன் ஒருவன் செத்துப்போனான்.

ரங்கப்பர் முந்திக்கொண்டார். "இரண்டு தூண், ஒரு மணி. ஆளுக்குப் பாதி பாரம். மேற்குத் தூண் நிற்கிறது, கிழக்குத் தூண் விழுகிறது என்றால் என்ன அர்த்தம்? நல்ல கல்லைத் திருடிவிட்டு உளுத்த கல்லை வைத்திருக்கிறான்!"

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நாளை உச்சிவேளையில் அவன் வலக்கையை வெட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். உலகுடையார் அன்று எத்தனை முறை ஆள் அனுப்பியும் அந்தப்புரக் கதவு திறக்கவில்லை.

மறுநாள் காலை, சபை கூடியதும் உலகுடையார் எழுந்தார். உச்சிவேளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"ரங்கப்பரே, ஒரு பாரத்தை இரண்டு பேர் தாங்கினால் எப்போதும் ஆளுக்குப் பாதிதானே?"

"சந்தேகம் என்ன? மந்திரியாருக்கு இதுகூடவா தெரியாது?"

"அப்படியானால் வாரும், என்னோடு ஒரு தடி தூக்கும்."

ஆறு முழத் தடியின் ஒரு முனை ரங்கப்பர் தோளிலும் மறு முனை மந்திரி தோளிலும் ஏறியது. ரங்கப்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு அம்மிக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ரங்கப்பரின் முழங்கால் நடுங்கியது.

"மகாராஜா, கிழவர் ஏதோ ஏமாற்றுகிறார்!"

உலகுடையார் தம் முனையைத் தோளிலிருந்து எடுத்து ஒற்றைக் கையில் ஏந்திக் காட்டினார். ராஜா கைகொட்டிச் சிரித்தார். "இது என்ன வித்தை, மந்திரியாரே?"

தடியை இரண்டு சேவகர்களிடம் மாற்றிவிட்டு, உலகுடையார் கரித்துண்டால் தரையில் ஒரு நீளக் கோடு போட்டார். "இது உத்திரம். தூண்களை நான் வரையவில்லை. எடுத்துவிட்டேன். மணி கீழே இழுக்கிறது, இதோ." கீழ்நோக்கி ஒரு அம்பு போட்டார். "தூண் இல்லாமல் உத்திரம் நிற்க வேண்டுமானால் இந்த இரண்டு முனையிலும் எவ்வளவு பலமாக மேலே தள்ள வேண்டும்? அதுதான் தூண்கள் செய்த வேலை." இரண்டு முனையிலும் மேல்நோக்கி அம்பு போட்டார்.

"மணியை ஆறு பங்காக வைத்துக்கொள்ளுங்கள். உத்திரத்தின் சொந்தப் பாரம் இரண்டுக்கும் சமம், அதை விடுங்கள். மேற்கு முனையை ஆணி அடித்துச் சுழல விட்டால், மணி அங்கிருந்து பத்து முழத்தில் நின்று கீழே சுற்றப் பார்க்கும். கிழக்குத் தூண் பன்னிரண்டு முழத்தில் நின்று அதைத் தடுக்க வேண்டும். ஆறு பத்து அறுபது. பன்னிரண்டால் வகுத்தால் ஐந்து. கிழக்குத் தூண் தலையில் ஐந்து பங்கு. மேற்குக்கு மிச்சம் ஒன்றே ஒன்று. தச்சன் தூணுக்கு மூன்று பங்கு என்று கட்டினான். அது ஐந்தைச் சுமந்து இத்தனை நாள் நின்றதே அவன் கைத்திறமை."

ராஜாவின் சிரிப்பு நின்றது. "மணியைத் தள்ளிக் கட்டச் சொன்னது யார்?"



"உப்பரிகையிலிருந்து பார்த்த கண்கள், மகாராஜா" என்றார் உலகுடையார்.

ராஜாவின் முகம் சிவந்து, பிறகு தணிந்தது. பழி போட அவருக்கு ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாரே! "இந்த ரங்கப்பன் பேச்சைக் கேட்டேன் பாரும்! இவன் பதவியைப் பறித்தேன். தச்சனுக்குத் தண்டனை ரத்து. கூட்டி வாருங்கள் அவனை!"

ரங்கப்பர் தோளைத் தேய்த்தபடி முணுமுணுத்தார். "மகாராஜா... அது... விடியற்காலையிலேயே முடித்துவிட்டார்கள். நான்தான்... சீக்கிரம் ஆகட்டும் என்று..."

உலகுடையார் கையிலிருந்த கரித்துண்டு பொடியாகியது. இவ்வளவு நேரம் எதற்காகத் தடி தூக்கினோம் என்று அவருக்குத் தோன்றியது.

செங்கோடனை இரண்டு பேர் தாங்கி அழைத்து வந்தார்கள். எண்ணெய்த் துணி சுற்றிய கையை மார்போடு அணைத்திருந்தான். தரையில் கிடந்த கோட்டையும் அம்புகளையும் வெகுநேரம் பார்த்தான்.

"அப்போ கல்லுல குத்தமில்லையா, சாமி?"

"இல்லையப்பா."

"ஊருல திருடன்னு சொன்னாங்க" என்றான்.

ராஜாவுக்கு மனம் இளகிவிட்டது. தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றினார். "தச்சனே, உன் நேர்மைக்கு இது. வலக்கையை நீட்டு."

சொன்னது ராஜாவாயிற்றே, செங்கோடன் மறுக்கவில்லை. துணி சுற்றிய கையை அப்படியே நீட்டினான்.

ராஜா காப்பைப் பிடித்தபடி நின்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சபை கலையட்டும்" என்றார்.

அதற்குப் பின் செம்பாறை நாட்டுக் கோட்டை வாசலில் மணி நடுவில்தான் தொங்கியது. புதிய தூண்கள் நன்றாக நின்றன. கட்டியவன் வேறு தச்சன்.