நிழலுக்கு மூடாத சிப்பிகள்

கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால் ஒரு மணல் திட்டு. அதில் ஓர் ஆசிரமம். குரு பவளத்தாய்க்கு வயது நாற்பது. அவருடைய ஒரே சீடர் சித்திரவேலுக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர்.

திட்டுக்குப் பின்னால், முழங்கால் தண்ணீரில் பதினேழு பெருஞ்சிப்பிகள் வாய் திறந்து கிடந்தன. ஒவ்வொன்றும் முறம் அகலம். அந்தக் கடலில் வேறெங்கும் அவை மிச்சமில்லை.

மேலே நிழல் விழுந்தால் சிப்பி மூடிக்கொள்ளும். எவர் நிழலுக்கு மூடவில்லையோ அவருக்கே அங்கே தீட்சை. ஆறு வருடமாகச் சித்திரவேல் போய் நின்றார். ஆறு வருடமும் அவை அவர்மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு மூடிக்கொண்டன.

"சிப்பிக்குக்கூட யூனிஃபார்ம் தெரியுது தாயே," என்பார்.

"நீர்தான் இன்னும் கழட்டலையே இன்ஸ்பெக்டரே."

அன்று வெயில் ஏறியதும் ஈர வேட்டியோடு ஓடி வந்தார்.

"மூடல தாயே. நின்னு பார்த்தேன், மூடல. குனிஞ்சு ஒவ்வொண்ணாத் தடவிக் குடுத்தேன். அப்பவும் மூடல."

"எத்தனை?"

"பதினாறு. ஒண்ணு மட்டும் தூரமா ஒதுங்கிக் கிடக்கு. அதுகிட்ட இன்னும் போகல."

பவளத்தாய் எழுந்து வந்தார்.

காற்றே இல்லை. பதினாறு வாய்களும் ஏதோ சொல்ல வந்து மறந்ததுபோலத் திறந்திருந்தன. உள்ளே நீலமாக இருந்த சதை சாம்பல் நிறமாகியிருந்தது.

ஒரு நண்டு வந்தது. சிப்பிக்குள் நிதானமாக இறங்கியது. சதையைக் கிழித்துத் தின்றது. சிப்பி அசையவில்லை. இன்னொரு நண்டும் வந்தது.

சித்திரவேலின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

"என்னோட பழகிடுச்சுன்னு நினைச்சேன்."

"நண்டோடயுமா?"

அவர் ஒரு பிடி மணலை அள்ளி நண்டுகள்மேல் எறிந்தார்.

"போன வாரம் நிறம் மாறின ஒண்ணுல துளி சதை கிள்ளிக் கரையில இருக்கற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன்," என்றார் பவளத்தாய். "வைரஸாம். இப்பதான் படகுக்காரர் சொல்லிட்டுப் போறார். மூடுற தெம்பு முதல்ல போகும். அப்புறம் உயிர். தொட்ட கையிலயும் ஒட்டிக்கிட்டுப் போகுமாம்."



"லாக்கப்புலயும் சில பேர் இப்படித்தான் தாயே. முதல் நாள் கத்துவான். நாலாம் நாள் லத்தியை ஓங்கினாக்கூட முகத்தை மறைக்க மாட்டான். பயல் நம்மகூட சகஜமாயிட்டான்னு வெளிய வந்து சொல்லிச் சிரிச்சிருக்கேன்."



தூரத்தில் கிடந்த ஒற்றைச் சிப்பியின்மேல் மேக நிழல் ஒன்று ஊர்ந்தது. சிப்பி மூடிக்கொண்டது.

"அது மூடுது தாயே. அதுக்கு இன்னும் வரல. எனக்குத் தீட்சை வேண்டாம். அதையாவது காப்பாத்துறேன். தூக்கிட்டுப் போய் வடக்குப் பக்கம் விட்டுடறேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கப் போனார்.

"சித்திரவேல்."

திரும்பினார். பவளத்தாய் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதையெல்லாம் தொட்ட கை அது?"

சித்திரவேல் நின்றுவிட்டார். அந்தக் கைகளை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.