வெள்ளச்சி குளித்த நாள்

ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன மடத்தில் அடுக்களையைத் தாணுமூர்த்தி கவனித்துக்கொண்டிருந்தார். வீடு, தோட்டம், உறவு, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சீடராக வந்தவர். அவர் விட்டாலும் அவரை விடாமல் கூடவே வந்துவிட்டது ஒரு பூனை. பெயர் வெள்ளச்சி. அடுப்புச் சாம்பலில் படுத்துப் படுத்து, அந்தப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தது.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்றில் முங்கி, ஈரம் சொட்டச் சொட்ட வந்தால்தான் அடுக்களைப் படி ஏறலாம். மற்ற விஷயங்களில் தாணுமூர்த்தி தங்கமான மனிதர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது.

மடத்தின் தலைவி உலகம்மை. தாணுமூர்த்தியைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அந்த அம்மாவின் முன்னால் போய் நின்றால் தாணுமூர்த்திக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆடி பிறந்த சமயத்தில் இசக்கி என்றொருவர் மடத்துக்கு வந்தார். மயானத்தில் பிணம் எரித்துக்கொண்டிருந்தவர்.

"போதும்னு தோணிட்டு தாயே. இங்கன காய் நறுக்கிக் குடுத்துக்கிட்டுக் கிடக்கேன்" என்றார்.

"அடுக்களைக்குப் போங்க" என்றார் உலகம்மை.

இசக்கி ஆற்றில் குளித்துவிட்டு அடுக்களை வாசலுக்குப் போனார்.

"குளிச்சாச்சா?" என்று கேட்டார் தாணுமூர்த்தி.

"ஆச்சு ஐயா. பாருங்க, தலை சொட்டுது."

"நல்லாக் குளிச்சீங்களா? எதுக்கும் இன்னொருக்கா முங்கிட்டு வந்திருங்க."

போய் முங்கிவிட்டு வந்தார். மறுபடியும் அதே பேச்சு. மறுநாளும் அதேதான். அவர் ஆற்றுக்கும் வாசலுக்குமாக நடந்து முடிப்பதற்குள் காய் நறுக்கி, சமைத்து, பந்தியும் முடிந்துவிடும். இசக்கி கோபப்படவில்லை. குளித்துக் குளித்து அவருக்குத் தடுமன்தான் பிடித்தது.

ஒரு நாள் காலையில் துணிமூட்டையோடு வந்து வாசலில் நின்றார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எத்தனை தடவை முங்கினா போதும்? இன்னைக்குச் சொல்லிருங்க. இல்லன்னா பழைய இடத்துக்கே போயிருதேன். அங்க வாரவங்க யாரும் என்னைக் குளிச்சியான்னு கேக்க மாட்டாங்க."

தாணுமூர்த்தி வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி வந்தது. காலெல்லாம் சேறு. இரண்டு பேருக்கும் நடுவே சாவகாசமாக நடந்து, படியேறி உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்துக்கொண்டது.

இசக்கி பூனையைப் பார்த்தார். பிறகு தாணுமூர்த்தியைப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட தாணுமூர்த்திக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"செத்த இருங்க, வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு உலகம்மையிடம் ஓடினார்.

"தாயே, ஒரு சந்தேகம்."

"இசக்கி கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. அவரைப் பத்தியா?"

"இல்ல, பூனையைப் பத்தி."

கேட்க வந்தது அது இல்லையே என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது.

"வெள்ளச்சி குளிக்காம உள்ள போவுது தாயே. அது முறையா?"

"இத்தனை நாளும் போய்க்கிட்டுதான இருந்துச்சு?"

"இத்தனை நாளும் அது என் கண்ணுல படல."

"இப்பப் பட்டுட்டுல்லா? குளிப்பாட்டுங்க. அது சுத்தமானதும் என்னைக் கூப்பிடுங்க. இசக்கி கேட்டதுக்கும் அப்பவே பதில் பாத்திரலாம்."

பூனை குளிப்பதற்கும் இசக்கிக்கும் என்ன சம்பந்தம்? தாணுமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மனிதர் போய்விடக் கூடாது என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. அவரை உள்ளே விட ஏன் மனசு வரவில்லை என்பதும் தெரியவில்லை.

முற்றத்தில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தார். வெள்ளச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாவம், கொஞ்சத்தான் எடுக்கிறார் என்று அதுவும் கண்ணை மூடிக்கொண்டு வந்தது. முதுகில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினார். அவ்வளவுதான் தெரியும். அடுத்துப் பார்க்கும்போது பூனை கூரை ஓட்டின் மேல் இருந்தது.

பால் கிண்ணத்தைக் காட்டி, இல்லாத பொல்லாத செல்லப் பெயரெல்லாம் சொல்லி இறக்கினார். குளிர்ந்த தண்ணீர் ஆகவில்லை போல என்று வெந்நீர் வைத்து விளாவினார். பயற்றமாவு குழைத்துப் பூசினார். அண்டாவுக்குள் இறக்கப் போனால், அது விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. ஒரு காலை எடுத்துவிட்டால் இன்னொரு கால் வந்து ஒட்டியது. பூனைக்கு நாலு கால்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. முழங்கை வரைக்கும் கீறல். கடைசியில் அது கையை விட்டு நழுவி, நேரே அடுப்புச் சாம்பலில் போய்ப் புரண்டது. மாவும் சாம்பலும் சேர்ந்து, முன்பு இருந்ததைவிட மோசம்.

"நாசமாப் போச்சு" என்றார் தாணுமூர்த்தி.

மறுபடியும் பிடித்தார். இந்தத் தடவை வெள்ளச்சி அவர் மார்பில் ஏறி, தோளில் ஏறி, தலையில் உட்கார்ந்து நகத்தை ஊன்றியது. நெற்றியில் ரத்தம் வழிந்தது.

வாசலில் உட்கார்ந்திருந்த இசக்கி பதறி எழுந்தார். கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஐயா, நான் ஒரு கை பிடிக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்! அங்கனயே நில்லுங்க!"

இசக்கி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, வந்த வழியே வாசலுக்குப் போனார்.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று தாணுமூர்த்திக்கு விளங்கவில்லை. தலையில் பூனை, கண்ணில் மாவு, உதவிக்கு என்று வந்தவர் ஒரே ஒருவர். அவரையும் தள்ளி நிற்கச் சொல்லியாயிற்று. வெட்கமாக இருந்தது. கூப்பிடலாமா என்று நினைத்தார். கூப்பிடாமலே பூனையைத் தலையிலிருந்து பிய்த்து எடுத்தார்.

எப்படியோ குளிப்பாட்டி முடித்தார். தன் துண்டாலேயே ஈரம் போகத் துவட்டி இறக்கிவிட்டார். நிஜமாகவே வெள்ளைப் பூனை. அந்தச் சந்தோஷத்தில் கீறல் வலிகூடத் தெரியவில்லை.

"தாயே! சுத்தமாயிட்டு! வந்து பாருங்க!"

உலகம்மை வந்தார். வெள்ளச்சி துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் உட்கார்ந்திருந்தது. தாணுமூர்த்தி அழுத்திப் பிடித்திருந்த முதுகை நக்கியது. விலாவை நக்கியது. மறுபடி முதுகுக்கே வந்தது.

"இது எதுக்கு தாயே நக்குது? பொட்டு அழுக்கு இல்லையே."

"குளிக்குது."

"இப்பதான நான் குளிப்பாட்டினேன்?"

"அதான். நீங்க தொட்டுட்டீங்கள்லா."

தாணுமூர்த்தி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பயற்றமாவு வாசம் வீசும் கைகள். அவர் மடியில் தூங்கி வளர்ந்த பூனை அது.

"என் கையிலயா அழுக்கு?"

"எனக்குத் தெரியல. அதுக்கு அப்படித் தோணுது."

வெள்ளச்சி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. பிறகு முன்காலை நனைத்து முகத்தைத் துடைக்க ஆரம்பித்தது.

"இன்னும் எத்தனை தடவை நக்கினா அதுக்குப் போதும் தாயே?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உலகம்மை வாசல் பக்கம் திரும்பினார். இசக்கி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

"அதை எங்கிட்டக் கேக்காதீங்க. அந்தா நிக்காருல்லா, அவர்ட்டக் கேளுங்க. உங்களுக்காகக் குளிச்சுக் குளிச்சு அலுத்துப்போனவரு அவருதான்."