குண்டுத் தேனீக்களின் வயிற்று நோய்

மலைச்சரிவில், எலி விட்டுப்போன வளை ஒன்றில் கறுப்புக் குண்டுத் தேனீக்கள் கூடு கட்டி வாழ்ந்தன. அவற்றின் ராணி கருமணி. அந்த ஆண்டு வேற்று மலையிலிருந்து செம்பட்டைக் குண்டுத் தேனீக்கள் வந்து, பக்கத்துப் பாறை இடுக்கில் குடியேறின. இரண்டு கூட்டமும் ஓடைக்கரையில் பூத்த காசித்தும்பையில்தான் தேன் குடித்தன.

மழை விட்ட சில நாளில் கறுப்புத் தேனீக்களுக்கு ஒரு நோய் கண்டது. வயிறு உப்பியது. சிறகு எழவில்லை. பூவிலிருந்து பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"எல்லாம் அந்த வந்தேறிகளால்தான்!" என்று சீறியது காவல் தேனீ முறுக்கி. "பாறை இடுக்கை மெழுகால் அடைத்துவிடுவோம். உள்ளேயே கிடந்து சாகட்டும்!"

"ஆமாம், அடைப்போம்!" என்று கூடே இரைந்தது.

மெழுகை உருட்டிக்கொண்டு கிளம்பும்போது, வாசலில் ஒரு செம்பட்டைத் தேனீ தள்ளாடி வந்து நின்றது. அதன் பெயர் சிவப்பி. அதற்கும் வயிறு உப்பியிருந்தது.

"இந்த நோய் எங்களோடுதான் வந்தது," என்றது சிவப்பி. "வயிற்றுக்குள் வளரும் ஒட்டுண்ணி. பழைய மலையில் எங்களில் பாதிப் பேர் அதனால்தான் செத்தார்கள்."

"தெரிந்தும் ஏன் மறைத்தீர்கள்?" என்று கேட்டது கருமணி.

"சொன்னால் விரட்டிவிடுவீர்களே என்ற பயம்! நீங்களும் இப்படி விழுவதைப் பார்த்த பிறகு மறைக்க மனம் வரவில்லை."

முறுக்கி கொடுக்கை நீட்டியது. "முதலில் இதைக் குத்துகிறேன்!"

"பொறு!" என்று அதட்டியது கருமணி. "இதைக் கொன்றுவிட்டால், நோய் பரவும் வழியை யார் சொல்வது?"

சிவப்பி மூச்சு வாங்கிச் சொன்னது: "நோயாளி பூவில் எச்சமிடும். அடுத்து வருபவருக்கு அதிலிருந்து ஒட்டிக்கொள்ளும். நோயாளிகளுக்கென்று தனிப் பூ ஒதுக்குங்கள். ஆனால் அவரவர் நோயை அவரவரே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் மலையில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை."

கருமணி செம்பட்டை ராணியைப் போய்ப் பார்த்துப் பேசியது. ஓடைக்கரைக் காசித்தும்பை இரு கூட்டத்து நோயாளிகளுக்கும், மேட்டிலிருந்த நாவல் பூ மற்றவர்களுக்கும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை நோயாளிகள் ஓடைக்கரைக்குப் போக, மற்ற எல்லாரும் மேட்டுக்குக் கிளம்பினார்கள். முறுக்கி மட்டும் நகரவில்லை.

"என்ன ஆயிற்று?" என்றது கருமணி.

முறுக்கி தலை குனிந்தது. "நேற்றிலிருந்து எனக்கும் வயிறு கனக்கிறது, ராணி. சொல்ல வெட்கமாக இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. முறுக்கி மெல்லப் பறந்து காசித்தும்பைக்குப் போனது. அங்கே சிவப்பி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

நோய் முற்றிப்போன சிலர் இறந்தார்கள். ஆனால் புதிதாக ஒருவருக்கும் நோய் வரவில்லை. முறுக்கியும் சிவப்பியும் நாளாக ஆகத் தேறின. அடுத்துப் பொரிந்த குஞ்சுகள் இரண்டு கூட்டிலிருந்தும் சிறகடித்துப் பறந்தன. அதைப் பார்த்த பிறகுதான் கருமணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நோயை மறைப்பவரும், அதை வாய்விட்டுச் சொன்னவரை விரட்டுபவரும், இருவருமே ஊருக்குக் கேடு.