வளராத கலியாணப் பாய்

முன்னொரு காலத்தில், ஐப்பசி பிறந்தால் மழையும் கூடவே பிறந்துவிடுகிற காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பாய் நெய்கிற குடும்பம் இருந்தது. ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அங்கே உங்கள் சித்தப்பா வீடு இருக்கிறது என்று ஆரம்பிப்பீர்கள், கதை நின்றுபோகும்.

அந்த வீட்டில் அப்பா வேலாண்டி. அம்மா பொன்னுத்தாய். மருமகள் வடிவு. மகள் செவந்தி. வடிவின் புருஷன், அதாவது மூத்த மகன், பாய் விற்க வெளியூர் போனவன் வெள்ளத்தில் வழி அடைபட்டு அங்கேயே இருந்தான். அவனை மறந்துவிடுங்கள். கதையில் அவனுக்கு வேலை இல்லை.

செவந்திக்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அக்கரை ஊரில் பரிசல் ஓட்டுகிற தவசி. ஒரு தடவை அவன் பரிசலில் ஆற்றைக் கடந்தவள், இறங்கும்போதே மனசைப் பரிசலில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். ஆசையென்றால் அவ்வளவு ஆசை. கார்த்திகை மூன்றாம் நாள் முகூர்த்தம்.

இப்போது வழக்கத்தைக் கேளுங்கள். கவனமாகக் கேளுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது. அந்த ஊரில் பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரும் பாயைப் பெண் வீட்டார்தான் நெய்ய வேண்டும். வேறு கை படக்கூடாது. பெண் அந்தப் பாயைப் பார்க்கவே கூடாது. கலியாணப் பாய் தறியில் ஏறியதிலிருந்து கலியாணம் முடியும்வரை அந்த வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. ஒரு குறைச் சொல் விழுந்தாலும் அது பாயில் ஏறி, பெண்ணின் வாழ்க்கையில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நம்பிக்கை.

பாய் முடியாவிட்டால் கலியாணம் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். அப்படித் தள்ளிப்போன கலியாணம் நடந்ததாக அந்த ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஐப்பசி பத்தாம் நாள் தறி ஏறியது. மழைக்குப் பயந்து தறியை உள்ளறைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அந்த அறையில் ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கவும் இடமில்லை. அதனால் விடிகாலையில் வேலாண்டி, உச்சிப் பொழுதில் பொன்னுத்தாய், சாயங்காலம் வடிவு என்று முறை வைத்துக்கொண்டார்கள். செவந்திக்குச் சமையல்.

கோரையெல்லாம் புரட்டாசியிலேயே அறுத்து, காயவைத்து, பாதியைச் சிவப்பில் முக்கி வைத்தாயிற்று. ஐப்பசியில் கோரை மேடு முழுக்க இடுப்பளவு தண்ணீர். வீட்டில் இருப்பதுதான் கோரை.

முதல் நாள் விடிகாலை வேலாண்டி உட்கார்ந்தார். பாயின் கரையில் ஐந்து சிவப்புக் கோடு போட்டார். அவர் அப்பா, பாட்டன், பூட்டன் எல்லோரும் ஐந்துதான் போட்டார்கள். அதற்குமேல் ஒரு சாண் வெள்ளைக் கோரை நெய்துவிட்டு எழுந்தார்.

உச்சிப் பொழுதில் பொன்னுத்தாய் வந்தாள். கரையைப் பார்த்தாள். "அடப் பாவமே, அஞ்சுதான் போட்டிருக்காரு" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவள் பிறந்த வீட்டில் ஏழு கோடு. கண் மங்கி மனுஷன் இரண்டை விட்டுவிட்டார் போலிருக்கிறது. சொன்னால் குறைச் சொல் ஆகிவிடுமே! சத்தமில்லாமல் நெய்ததையெல்லாம் உருவினாள். ஏழு கோடு போட்டு, மேலே ஒரு சாண் நெய்துவிட்டு எழுந்தாள்.

சாயங்காலம் வடிவு வந்தாள். அவள் பிறந்த ஊரில் ஒன்பது கோடு. "அத்தை ரெண்டைத் தவற விட்டுட்டாங்களே" என்று நினைத்தாள். அத்தையிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? கலியாணப் பாய் இல்லாத நாளிலேயே முடியாது! உருவினாள். ஒன்பது போட்டாள். ஒரு சாண் நெய்தாள். எழுந்தாள்.

மறுநாள் விடிகாலை வேலாண்டி வந்து பார்த்தார். கரையில் ஒன்பது கோடு.

கண்ணைக் கசக்கினார். விரல் வைத்து எண்ணினார். ஒன்பதேதான். நாம் ஐந்துதானே போட்டோம்? ஐந்தா போட்டோம்? ஐந்து என்று நினைத்துக்கொண்டு ஒன்பதைப் போட்டோமா? சரி, போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் உருவி, விரல் மடக்கி எண்ணி ஐந்து போட்டார்.

உச்சிப் பொழுதில் பொன்னுத்தாய் பார்த்தாள். ஐந்து! நேற்று அவள் கையால் போட்ட ஏழு எங்கே? உருவினாள், ஏழு போட்டாள். சாயங்காலம் வடிவு பார்த்தாள். மறுபடியும் ஏழு! உருவினாள், ஒன்பது போட்டாள்.

உங்களுக்குத் தலை சுற்றுகிறதா? சுற்றட்டும். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பதினாறு நாள் சுற்றியது.

வேலாண்டி தனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார். வீட்டுக்குள் நடக்கும்போதெல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடியை எண்ணிக்கொண்டே நடந்தார். எண்ணிக்கை சரியாகத்தான் வந்தது. அப்படியானால் தறியில் மட்டும் ஏன் தப்புகிறது? மகள் கலியாணத்தைப் பார்க்கும் முன்பே மூளை கலங்கிவிட்டதே என்று ஆட்டுக் கொட்டிலில் போய் நின்று அழுதார்.

பொன்னுத்தாய் இது பேய் வேலை என்று முடிவு கட்டினாள். தினமும் இரண்டு கோட்டைத் தின்கிற பேய். தறிக்காலில் வேப்பிலை கட்டினாள். மறுநாள் விபூதி பூசினாள். அதற்கு மறுநாள் ஒரு பிய்ந்த செருப்பைத் தொங்கவிட்டாள். பேய் எதற்கும் அசையவில்லை.

வடிவு, மாமியார் தன்னைச் சோதிக்கிறாள் என்று முடிவு கட்டினாள். பொறுமை இருக்கிறதா என்று பார்க்கத்தானே தினமும் ஏழாக்கி வைக்கிறாள்? பார்க்கட்டும்! பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் ஒன்பது போட்டாள்.

செவந்தி அடுப்படியிலிருந்து கேட்பாள். "அப்பா, பாய் எவ்வளவு ஆச்சு?"

"ஆகுதும்மா, ஆகுது."

"அம்மா, பாய்?"

"அமோகமா வருதுடி."

"மதினி?"

"அதுக்கென்ன, ஜோரா வருது."

மூன்று பேரும் சொன்னார்கள், மூன்று பேரும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை. அறைக்குள் எட்டிப் பார்க்கவும் வழியில்லை. ஒருவேளை தவசி வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களோ, தன்னிடம் மறைக்கிறார்களோ என்று பயந்து பயந்து குழம்பைக் கிண்டினாள்.

தறி ஏறிய பதினாறாம் நாள் ஒரு காரியம் நடந்தது. செவந்தி வரகரிசிக் கஞ்சியை அடுப்பில் ஏற்றிவிட்டு, விறகுக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஈரமில்லாத சுள்ளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வருகிறவர்கள் கண்ணுக்கு அவள் தெரியவில்லை.

அப்பா வந்தார். "ஐயோ, அடுப்பு அணையுதே" என்று முணுமுணுத்து, இரண்டு கட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் போனார்.

அம்மா வந்தாள். "ஐயோ, பொங்கிடுமே" என்று கட்டையை வெளியே இழுத்துவிட்டுப் போனாள்.

மதினி வந்தாள். "ஐயோ, அடிப்பிடிக்குமே" என்று ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

பிறகு அப்பா மறுபடியும் வந்து கட்டையைத் தள்ளினார்.

செவந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கடைசியில் கஞ்சி மேலே தண்ணீர், கீழே கரி. அதை மூன்று பேருக்கும் ஊற்றினாள். வேலாண்டி குடித்துவிட்டு "அருமை" என்றார். பொன்னுத்தாய் குடித்துவிட்டு "அருமைடி" என்றாள். வடிவு கண்ணில் நீர் வர முழுங்கிவிட்டு "அருமை செவந்தி, இன்னும் கொஞ்சம்" என்றாள்.

செவந்திக்குச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கையில் அகப்பையோடு நின்றாள். என் பாயும் இந்தக் கஞ்சி மாதிரிதான் ஆகிக்கொண்டிருக்கிறதோ?

கேட்கலாம் என்றால் குறைச் சொல் வந்துவிடும். வழக்கத்தை மீறாமல் எப்படிக் கேட்பது? அன்று பூராவும் யோசித்தாள்.

மறுநாள் கருப்பட்டிப் பணியாரம் சுட்டாள். மழை நாளில் கருப்பட்டிப் பணியார வாசனை வந்தால் யார்தான் வர மாட்டார்கள்? முறை வைத்துத் தனித்தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று பேரையும் ஒன்றாக உட்காரவைத்து இலை போட்டாள்.

"இன்னைக்கு ஒரு வேடிக்கை. என் கலியாணப் பாயில எத்தனை சிவப்புக் கோடோ, அத்தனை பணியாரம். நான்தான் பாயைப் பார்க்கக்கூடாதே, நீங்க சொல்லுங்க. அப்பா, எத்தனை?"

"அஞ்சு" என்றார் வேலாண்டி. ஐந்து பணியாரம் விழுந்தது.

"அம்மா, உனக்கு?"

"ஏழு" என்றாள் பொன்னுத்தாய். ஏழு விழுந்தது.

"மதினி?"

"ஒம்பது" என்றாள் வடிவு. ஒன்பது விழுந்தது.

யாரும் பணியாரத்தைத் தொடவில்லை. வேலாண்டி பக்கத்து இலையைப் பார்த்தார். பொன்னுத்தாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். வடிவு தன் இலையை முந்தானையால் மூடப் பார்த்தாள்.

வேலாண்டிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்போ... எனக்குப் புத்தி கலங்கலையா?" என்று கேட்டுவிட்டு, குழந்தை மாதிரி விசும்பினார்.

"அப்போ பேய் நீங்கதானா!" என்றாள் பொன்னுத்தாய்.

"அத்தை, அப்போ நீங்க என்னைச் சோதிக்கலையா?" என்றாள் வடிவு.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. பதினாறு நாளாக அடக்கிவைத்த குறைச் சொல்லெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ஐந்துதான் சரி, ஏழுதான் சரி, ஒன்பதுதான் சரி என்று கூரை அதிரச் சத்தம். செவந்தி ஒரு பணியாரத்தை எடுத்துத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தி ஓய்ந்ததும் கேட்டாள்.

"கலியாணத்துக்கு ஆறு நாள் இருக்கு. கோரை எவ்வளவு இருக்கு?"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தினமும் மூன்று முறை கோத்து, மூன்று முறை உருவிய கோரையில் பாதிக்கு மேல் நார் நாராகப் பிய்ந்து கிடந்தது. மிச்சத்தில் அரைப் பாய்தான் வரும். பொன்னுத்தாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் புள்ள கலியாணத்தை நானே என் கையால உருவிப் போட்டுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அரைப் பாயே நெய்யுங்கம்மா. உருவாம நெய்யுங்க. ஒவ்வொருத்தரும் எழுந்து வரும்போது என்ன செஞ்சீங்கன்னு அடுத்தவங்ககிட்ட வாய்விட்டுச் சொல்லுங்க. அது போதும்" என்றாள் செவந்தி.

ஐந்து நாளில் பாய் முடிந்தது. ஒரு கரையில் ஐந்து கோடு, நடுவில் ஒன்பது கோடு, மறுகரையில் ஏழு கோடு. பார்க்க விசித்திரமாக இருந்தது. ஆனால் முடிந்திருந்தது.

கார்த்திகை மூன்றாம் நாள் மாப்பிள்ளை வீட்டார் பரிசலில் வந்து இறங்கினார்கள். பாயை விரித்தார்கள். இரண்டு பேர் முழங்கால் இடிக்க நெருங்கி உட்கார்ந்தால்தான் இடம் கொள்ளும். தவசிக்கு அதில் ஒன்றும் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. ஆனால் அவன் அம்மா உலகம்மை இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பாய் ஏன் குட்டையா இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் அக்கரைக்காரி. இந்த ஊர் வழக்கம் அவளுக்கு என்ன தெரியும்? கலியாண வீட்டில் குறைச் சொல் விழுந்துவிட்டதே என்று கூட்டம் பதறியது. வேலாண்டி தரையைப் பார்த்தார். பொன்னுத்தாய் சட்டென்று, "அது எங்க ஊர் வழக்கம், சம்பந்தி" என்று ஒரு பொய்யை எடுத்து நீட்டினாள்.

"இல்லை அத்தை" என்றாள் செவந்தி. "பாய் குட்டைதான். எத்தனை கோடு போடணும்னு ஒருத்தரை ஒருத்தர் கேட்காம, குறை சொல்லாம, நல்லது செய்யிறதா நினைச்சு மூணு பேரும் மாத்தி மாத்தி உருவிட்டாங்க. மிச்சக் கோரையில இதுதான் வந்துச்சு."

உலகம்மை அவளைப் பார்த்தாள். பாயைப் பார்த்தாள். கோடுகளை எண்ணினாள்.

"எங்க ஊர்ல கலியாணப் பாய் வெறும் வெள்ளைக் கோரை. கோடே கிடையாது" என்றாள். "பரிசல் தினமும்தானே வந்து போகுது? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

வேலாண்டி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார். பொன்னுத்தாய் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டாள். வடிவு எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள்.

கலியாணம் போச்சு என்று செவந்தி நினைத்தாள். அப்போது உலகம்மை அவள் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு நாக்குல ருசி செத்து நாலு வருஷமாச்சு தாயி. குழம்புல உப்பு இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாது. என் வீட்டுல அத்தனை பேரும் தின்னுட்டு அருமைங்கிறாங்க. யார் முகத்தைப் பார்த்து எதை நம்புறதுன்னு தெரியாம திண்டாடிக்கிட்டிருக்கேன். உள்ளதை உள்ளபடி சொல்ற ஒருத்தி என் வீட்டுக்கு வேணும். போ, போய்ப் பாயில உட்காரு."

செவந்தி அழுதுகொண்டே போய் உட்கார்ந்தாள். தவசி முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இடம் கொடுத்தான். பாயில் இருவருக்கும் சரியாக இருந்தது.

அதன்பிறகு அந்த ஊரார் வழக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். கலியாணப் பாயைத் தறியில் ஏற்றும் முன் வீட்டார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு குறையை முகத்துக்கு நேரே சொல்லி முடித்துவிட்டுத்தான் முதல் கோரையைக் கோப்பார்களாம். அன்றைக்குக் கொஞ்சம் சண்டை வரும். பாய் மட்டும் முழு நீளத்துக்கு வரும்.

கேட்டீர்களா? குறையை வாயால் சொல்லாமல் கையால் மறைவாகத் திருத்துகிற வீட்டில், எல்லோரும் பாடுபட்டாலும் எந்தக் காரியமும் முடியாது.