நாலு சதவீதத்தில் நின்ற போர்

தீபன்ராஜின் செல்போனில் நாலு சதவீதம்தான் உயிர் பாக்கி. திருநெல்வேலிக்கு எடுத்த டிக்கெட்டும் அதற்குள்தான் இருந்தது. டிடிஆரின் குரலோ பக்கத்துப் பெட்டியில் கேட்கத் தொடங்கிவிட்டது. அருகில் இருந்த ஒரே பிளக்கில் கோவில்பட்டி செல்வராணி அக்காவின் சார்ஜர் பட்டா போட்டு உட்கார்ந்திருந்தது.

"அக்கா, டிக்கெட் இதுக்குள்ள இருக்கு, கொஞ்சம் விடுங்க" என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். உள்ளதைச் சொல்லிப் பழகிய வாயா அது?

"அக்கா, அந்த பிளக்கை விடலைன்னா ரெண்டு நாட்டுக்கு நடுவுல சண்டை மூண்டுடும்."

எதிர் சீட்டில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த மதுரை பனியன் வியாபாரி ரசாக் நிமிர்ந்தார். "எந்த ரெண்டு நாடு?"

"லுமாண்டாவும் பொரிகோவும்."

"கேள்விப்பட்டதே இல்லையேப்பா."

"சண்டையைத்தான் நான் நிறுத்திட்டேனே! அப்புறம் எப்படி நியூஸ்ல வரும்?"

ரசாக்கின் கை கடலையிலேயே நின்றது. தீபனுக்கு அது போதும்.

"எங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு நான்தான் அட்மின். சித்தப்பாவைச் சேர்க்கும்போது ஒரு நம்பர் மாறி, லுமாண்டா ஜனாதிபதி உள்ள வந்துட்டாரு. பெரியப்பா தினமும் போடுற ரோஜாப்பூ காலை வணக்கத்தைப் பார்த்து மனுஷன் சொக்கிட்டாரு. 'என் எதிரியையும் சேத்துவுடுங்க'ன்னு ஒரே கெஞ்சல்."

"அவருக்குத் தமிழ் தெரியுமாக்கும்?"

"ரோஜாப்பூவுக்கு எதுக்கு அண்ணே தமிழ்?"

எல்லையில் படை திரண்ட அன்றைக்குப் பெரியப்பா ஒரு செய்தி தட்டிவிட்டாராம். தீபன் மூக்கைப் பிடித்துக்கொண்டு பெரியப்பாவாகவே மாறினான்: "இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் மாலைக்குள் நல்ல சேதி வரும்!" உடனே குரலைக் கட்டையாக்கி ஜனாதிபதி ஆனான்: "தளபதி! அனுப்பு பத்துப் பேருக்கு!" தளபதி பத்துப் பேருக்கு, அந்தப் பத்தும் ஆளுக்குப் பத்துப் பேருக்கு. மொத்தப் படையும் குனிந்த தலை நிமிரவில்லையாம்.

"சுடணும்னா துப்பாக்கியைப் புடிக்கக் கை வேணும்ல? ரெண்டு கையிலயும் செல்லு!"

"பொறவு?" என்றாள் அக்கா. கை மட்டும் சார்ஜரை விட்டு அசையவில்லை. தீபன் ஓரக்கண்ணால் பார்த்தான். மூன்று சதவீதம்.

"கோவமா பேசுறதுக்கு முன்னாடி 'சாப்டீங்களா'ன்னு கேக்கணும்னு ரெண்டு பேருக்கும் சொல்லிக் குடுத்தேன். பொரிகோக்காரர் 'இன்னும் இல்ல'ன்னுட்டாரு. சாப்பிடாத மனுஷன் மேல குண்டு போட மனசு வருமா? ஏவுகணையில குண்டைக் கழட்டிட்டு சாம்பார் வாளியைக் கட்டி அனுப்பினாங்க."

"சிந்தலையா?"

"சாம்பார் சிந்தல அண்ணே. பொய் சொல்லக் கூடாது, ரசம் லேசா தளும்பிடுச்சு."

ரசாக்குக்குப் புரையேறியது. பின்சீட்டுத் தலைகள் எல்லாம் இந்தப் பக்கம் திரும்பின.

"ஒப்பந்தம்? அதுக்கும் நம்ம பாஷைதான். எல்லையை எப்ப பிரிக்கிறது? 'பாக்கலாம்.' தீவு யாருக்கு? 'பாக்கலாம்.' ரெண்டு பேரும் சந்தோஷமா கையெழுத்துப் போட்டாங்க. நம்ம ஊர்ல பாக்கலாம்னு தள்ளிப்போட்ட எந்தக் காரியமாவது நடந்திருக்கா? சண்டையும் நடக்கல!"

"இப்ப என்னதான் பிரச்சனை?"

"நீல டிக்! லுமாண்டாக்காரர் போட்ட காலை வணக்கத்தை பொரிகோக்காரர் பார்த்துட்டாரு, பதில் போடல. பீரங்கி கிளம்பிடுச்சு. அட்மின் நான் 'அவர் குளிக்கப் போயிருக்காரு'ன்னு ஒரு வரி போட்டா எல்லாம் அடங்கிடும். செல்லு செத்துச்சுன்னா ரெண்டு நாடும் சாம்பல்!"

செல்வராணி அக்கா ஒரு பெருமூச்சு விட்டு, தன் சார்ஜரை உருவினாள். "நமக்கு எதுக்கு அந்தப் பாவம்? போடு தம்பி."

தீபன் பாய்ந்து சொருகினான். ஒன்று என்று காட்டிக்கொண்டிருந்த திரை ஒருமுறை மினுங்கி அணைந்தது.

"அக்கா, கரண்டே வரலையே!"

"அது விழுப்புரத்துலயே போயிட்டுல்லா. வயரை யாரும் மிதிச்சிரக் கூடாதேன்னு மாட்டி வச்சிருந்தேன்."

"முதல்லயே சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா நீ கதையை நிறுத்தியிருப்பேல்லா?"

"டிக்கெட்?" தலைக்கு மேலே டிடிஆர் நின்றார்.

தீபனின் வாய் முதன்முதலாகத் தடுமாறியது. "சார்... டிக்கெட் எடுத்துட்டேன் சார். செல்லுக்குள்ள இருக்கு. இப்பதான் ஆஃப் ஆச்சு."

ரசாக் கடலைத் தோலை ஊதிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஏவுகணையில சாம்பார் போச்சுன்ன, நம்புனேன். இது ரொம்ப ஓவரு தம்பி."