ஞானசெல்வம் வீட்டு வயிற்றுவலி

தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் இந்தக் கதையைப் படிப்பவர்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தூத்துக்குடியில் ஞானசெல்வம் என்றொரு விதவை. அவளுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் எட்வின், கப்பலில் எஞ்சினியர். அடுத்தவள் பியூலா, பள்ளி ஆசிரியை. கடைக்குட்டி ஜெமிமா, முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருப்பவள்.

அந்த வீட்டில் மனசுக்கு எது வந்தாலும் அதற்கு வயிற்றுவலி என்று பெயர். நோயாளியின் பெயரையும் நோயையும் சொல்லி ஞாயிறு ஆராதனையில் ஜெபிப்பது அவர்கள் சபையின் வழக்கம். சில வருடங்களுக்கு முன் விடுப்பில் வந்த எட்வின் சாப்பிடாமல், குளிக்காமல், சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். ஞானசெல்வம் வயிற்றுவலி என்றுதான் ஜெபத்துக்குக் கொடுத்தாள். சபையார் இஞ்சி மரப்பாவோடு வந்து விசாரித்துப் போனார்கள். எட்வினோ வெளியூரில் ஒரு மனநல மருத்துவரை ரகசியமாகப் பார்த்து, மாத்திரை சாப்பிட்டு எழுந்தான். எழுந்ததும் அம்மாவையும் பியூலாவையும் வேதப்புத்தகத்தின் மேல் கை வைக்கச் சொன்னான். யாருக்கும் தெரியக் கூடாது, தெரிந்தால் கப்பல் வேலை போய்விடும். இருவரும் கை வைத்தார்கள்.

பியூலாவுக்கும் ஒன்று இருந்தது. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், இதோ சாகப்போகிறோம் என்று தோன்றும். அவளும் தனியாகப் போய் மருத்துவரைப் பார்த்தாள். சத்து மாத்திரை டப்பாவில் அந்த மாத்திரையைப் போட்டு வைத்தாள். அது அம்மாவுக்கும் தெரியாது.

இப்போது ஜெமிமா. குழந்தை பிறந்து ஒரு மாதமாகியும் அவளுக்குத் தூக்கமில்லை. பால் கொடுக்கும்போதுகூடக் குழந்தையின் முகத்தைப் பார்ப்பதில்லை. தாயாக இருக்கத் தான் லாயக்கில்லை, பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று ஒருநாள் சொன்னாள். அதன்பின் பேச்சே இல்லை. ஞானசெல்வம் மறுபடியும் வயிற்றுவலி என்று ஜெபத்துக்குக் கொடுக்கக் கிளம்பினாள். பியூலாவுக்குப் பொறுமை போயிற்று. சண்டை போட்டுத்தான் தங்கையை மருத்துவமனைக்குக் கிளப்பினாள்.

கிளம்பும் நேரத்தில் ஜெமிமாவின் மாமியார் சாராள் அம்மாளும் வந்து காரில் ஏறிக்கொண்டாள். எட்வினைக் கப்பலுக்கு அனுப்பும் ஏஜென்சியில் அவளுடைய தம்பிதான் மேலாளர். சாராள் அம்மாள் கெட்டவள் அல்ல. காதில் விழுந்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவள், அவ்வளவுதான்.

அறைக்குள் கூட்டமாக நுழைந்தவர்களைப் பார்த்து அங்கிருந்த பெண் மருத்துவர், நோயாளியோடு ஒருவர் இருந்தால் போதும், மற்றவர்கள் தேவைப்பட்டால் தனித்தனியாக வந்து பேசலாம் என்றார். யாரும் அசையவில்லை. பெண்ணைக் கொடுத்த வீட்டார் சம்பந்தியம்மாளை எழுந்து போகச் சொல்வதாவது!

குடும்பத்தில் யாருக்காவது மனச்சோர்வோ, பதற்றமோ வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். ஒருவருக்கு வந்திருந்தால் உடன்பிறந்தவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். அவருக்கு எந்த மருந்து கேட்டது என்று தெரிந்தால் இவளுக்கு மருந்து தேர்ந்தெடுக்க உதவும் என்றும் விளக்கினார்.

"எங்க வீட்ல யாருக்கும் கிடையாது டாக்டர். இவளுக்கும் வயித்துலதான் கோளாறு" என்றாள் ஞானசெல்வம்.

பச்சை உடம்பில் வாயு ஏறியிருக்கும் என்று சாராள் அம்மாள் தன் பங்குக்குச் சொன்னாள்.

பியூலாவால் முடியவில்லை. "எனக்கு இருக்கு டாக்டர். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

ஞானசெல்வம் அவள் தொடையைக் கிள்ளினாள். ஆனால் அத்தனை நேரம் தரையைப் பார்த்திருந்த ஜெமிமா நிமிர்ந்தாள். "உனக்குமாக்கா? நான் மட்டுந்தான் இப்படிப் பொறந்துட்டேன்னு நெனச்சேன்."

மருத்துவர் அடுத்து அண்ணனைப் பற்றிக் கேட்டார். கடலில் கிடக்கிறவன், கல்லு மாதிரி இருக்கிறான் என்று ஞானசெல்வம் முந்திக்கொண்டாள். பியூலா வெளியே வந்து, சென்னையில் அடுத்த கப்பலுக்குக் காத்திருந்த எட்வினுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாராள் அம்மாள் உள்ளே இருக்கிறாளா என்று அவன் விசாரித்தான். இருக்கிறாள் என்றாள்.

"அப்ப என் பேரை எடுக்காத. அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல் டெஸ்ட். என் பிள்ளைங்க சோத்துல மண்ணள்ளிப் போட்டுறாத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

மருந்தின் பெயர் பியூலாவுக்குத் தெரியும். அவன் படுத்துக் கிடந்த நாட்களில் கடைக்குப் போய் வாங்கி வந்தவளே அவள்தான். இந்த வீட்டில் ஒரு உண்மையைச் சொல்ல எத்தனை பேரிடம்தான் கெஞ்சுவது? கோபத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணனுக்கு வந்ததையும், அவனைக் குணப்படுத்திய மருந்தின் பெயரையும் எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டாள்.

மருத்துவர் அந்த மருந்தையே எழுதினார். ஜெமிமா இப்போது தூங்குகிறாள், பிள்ளையைக் கொஞ்சுகிறாள். எட்வினின் பயணம் நின்றுபோயிற்று. அவன் பியூலாவின் போனை எடுப்பதில்லை. சத்தியத்தை மீறியவள் கையால் தண்ணீர்கூட வாங்கமாட்டேன் என்கிறாள் ஞானசெல்வம்.

கொடுத்த சத்தியத்தைக் காத்தாள் அம்மா. பிழைப்பைக் காக்கப் பார்த்தான் அண்ணன். தங்கைக்காக இரண்டையும் உடைத்தாள் பியூலா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: பியூலா தன்னைப் பற்றிச் சொன்னது சரி. ஜெமிமாவின் வாயைத் திறந்தது அதுதான். அதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அண்ணனைப் பற்றி மருத்துவரிடம் சொன்னதும் சரியே. சிகிச்சைக்கு வேண்டியதை ஒளிப்பதற்குச் செய்த சத்தியம் தங்கையின் உயிரைவிடப் பெரியதல்ல. சாராள் அம்மாளை வைத்துக்கொண்டு சொன்னதுதான் தவறு. எட்வின் போனில் கேட்டது அந்த ஒன்றைத்தான். தனியாகப் பேசலாம் என்று மருத்துவரும் வழி காட்டியிருந்தார். வேதப்புத்தகத்தின் மேல் செய்த சத்தியத்தை மீறத் துணிந்தவளுக்கு, "கொஞ்சம் வெளியே இருங்க அத்தை" என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.